கார்டில் எண் இருந்தால் போதாதா?

ஜனவரி 5 (கேள்வி)

டெக்பில்டிங் கேம்களில், அதாவது ஆடிக்கொண்டே கார்டு சேர்த்து நம் சீட்டுக்கட்டை (டெக்கை) வளர்க்கும் விளையாட்டுகளில், கதையை யார் படிக்கிறார்கள்? ஸ்லே தி ஸ்பயர் என்ற கணினி விளையாட்டை 400 மணி நேரம் ஆடியிருக்கிறேன். அந்தக் கோபுரத்தில் எதற்கு ஏறுகிறேன் என்று இன்றைக்கும் தெரியாது. தெரியாததால் ஓர் ஆட்டம்கூடத் தோற்றதில்லை. விதியும் எண்ணும் தெளிவாக இருந்தால் போதும். கதை எழுதும் நேரத்தை பேலன்ஸ் பார்க்க, அதாவது எந்தக் கார்டும் அளவுக்கு மீறி வலுவாகவோ பலவீனமாகவோ இல்லாமல் பார்த்துக்கொள்ள, செலவிட்டால் எல்லாருக்கும் நல்லது. இல்லை என்பவர்கள் காரணம் சொல்லுங்கள்.

ஜனவரி 6

உங்கள் கேள்விக்கு என் பதில்: பாதி ஒத்துக்கொள்கிறேன். நானே இரண்டு வருடமாக ஒரு விளையாட்டைச் செய்துகொண்டிருக்கிறேன். காகிதத்தில் அச்செடுத்து, பழைய சீட்டுக்கட்டோடு சேர்த்து உறையில் போட்ட 112 கார்டுகள். அதில் 40 கார்டுக்குக் கீழே சாய்வெழுத்தில் ஒவ்வொரு வரி எழுதினேன். ராத்திரி உட்கார்ந்து, அடித்து, திருத்தி எழுதியவை. எட்டு சோதனை ஆட்டம் முடிந்துவிட்டது. இதுவரை ஒரே ஒருவர்தான் ஒரே ஒரு வரியைச் சத்தமாகப் படித்தார். அதில் எழுத்துப்பிழை இருந்தது.

டொமினியன் என்ற மேசைக் கார்டு விளையாட்டைப் பாருங்கள். 2008-ல் வந்தது, இந்த வகையையே தொடங்கி வைத்தது. ஸ்மிதி கார்டைப் போட்டால் மூன்று கார்டு எடுக்கலாம். கொல்லன் பட்டறைக்கும் மூன்று கார்டுக்கும் என்ன சம்பந்தம்? யாரும் கேட்கவில்லை. அடுத்த வருடம் ஷ்பீல் டெஸ் யாரஸ், அதாவது ஜெர்மனியின் 'ஆண்டின் விளையாட்டு' விருதையும் வாங்கிவிட்டது. ஆக உங்கள் கட்சிக்கு ஆதாரம் இருக்கிறது.

ஜனவரி 6, இரவு

"அந்தக் கோபுரத்தில் எதற்கு ஏறுகிறேன் என்று தெரியாது" என்கிறீர்கள். அது கோபுரம் என்று தெரிகிறது. ஏறுகிறீர்கள் என்றும் தெரிகிறது. சரி, தூங்கப் போகிறேன்.

ஜனவரி 9

மேலே கேலியாகச் சொன்னதைக் கொஞ்சம் யோசித்துப் பார்த்தேன். கதை என்றால் நாம் இரண்டு பேரும் கார்டுக்குக் கீழே இருக்கிற சாய்வெழுத்தை மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். ஸ்லே தி ஸ்பயரில் சாபக் கார்டுகள் இருக்கின்றனவே, அவற்றை எடுத்துக்கொள்வோம்.

'ரிக்ரெட்'. அதாவது வருத்தம். கையில் இருந்தால், உங்கள் முறை முடியும்போது கையில் எத்தனை கார்டு மிச்சமோ அத்தனை உயிர் போகும். செய்யாமல் விட்டது எத்தனையோ அத்தனை அடி. 'பாரசைட்', ஒட்டுண்ணி. அதைப் பயன்படுத்தவே முடியாது, சும்மா டெக்கில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும். சரி, பிடுங்கி எறியலாம் என்று நீக்கினால் உங்கள் அதிகபட்ச உயிரில் 3 நிரந்தரமாகக் குறையும். உடம்போடு ஒட்டிக்கொண்டதைப் பிய்த்தால் சதையோடுதானே வரும். 'நார்மாலிட்டி' கையில் இருந்தால் அந்த முறையில் மூன்று கார்டுக்கு மேல் போட முடியாது. இதைப் படித்ததும் எனக்கு அலுவலக நாள் ஒன்று நினைவுக்கு வந்தது. யாருக்குத்தான் வராது.

இதில் எங்கேயும் ஒரு வரிக் கதை கிடையாது. பெயர் ஒன்று, விதி ஒன்று. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கின்றன, கதை அந்த இடைவெளியில் இருக்கிறது. ரிக்ரெட்டுக்கு 'சாபம் எண் 7' என்று பெயர் வைத்தாலும் விதி மாறாது. ஆனால் என்ன செய்யும் என்பதை ஒவ்வொரு தடவையும் படித்துப் பார்க்க வேண்டியிருக்கும். எனக்கு ரிக்ரெட்டின் விதி ஒரே தடவையில் மனசில் நின்றது.

அதனால் என் முதல் குறிப்பைத் திருத்துகிறேன். சாய்வெழுத்தை யாரும் படிப்பதில்லை. பெயரை எல்லாரும் படிக்கிறார்கள்.

ஜனவரி 10

அவசரத்தில் "எங்கேயும் ஒரு வரிக் கதை கிடையாது" என்று எழுதிவிட்டேன். கார்டுகளில்தான் கிடையாது. ரெலிக்குகளின் (வழியில் கிடைக்கும் சிறப்புப் பொருள்களின்) கீழே ஒவ்வொரு வரி இருக்கிறது. கதாபாத்திரத்தைத் தேர்ந்தெடுக்கும் திரையிலும் இரண்டு வரி வரும். 400 மணி நேரக்காரர் இதைப் பிடித்துவிடுவார் என்று எதிர்பார்த்தேன், அவர் பிடிக்கவில்லை. அதுவும் அவர் கட்சிக்குத்தான் சாதகம்.

ஜனவரி 14

இப்போது என் சொந்தக் கதை. கொஞ்சம் நீளம்.

என் விளையாட்டில் ஒவ்வொருவரும் 10 கார்டோடு தொடங்குவார்கள். ஆறு 'கிராமத்து வீரன்', நான்கு 'பழைய கேடயம்'. கிராமத்து வீரன் ஒரு அடி அடிப்பான், அவ்வளவுதான். இந்த வகை ஆடியவர்களுக்குத் தெரியும், தொடக்கக் கார்டுகளை எவ்வளவு சீக்கிரம் டெக்கிலிருந்து ஒழிக்கிறோமோ அவ்வளவு நல்லது. அதற்காக 'பலிபீடம்' என்று ஒரு கார்டு வைத்தேன். விலை 2. கையிலிருந்து 2 கார்டு வரை எடுத்து ஆட்டத்தை விட்டே நீக்கலாம். டொமினியனின் சாப்பல் என்ற கார்டு அதே 2 விலைக்கு 4 கார்டை நீக்கும், அந்த ஆட்டத்தின் மிக வலுவான கார்டுகளில் ஒன்று. என்னுடையது அதன் தம்பி. கணக்குப்படி எல்லாரும் அடித்துப் பிடித்துக்கொண்டு வாங்கியிருக்க வேண்டும்.

யாரும் வாங்கவில்லை. கருத்துத் தாளில் மூன்று பேர் ஒரே மாதிரி எழுதியிருந்தார்கள்: "பலிபீடம் வலு போதாது. 3 கார்டு நீக்கினால் வாங்கலாம்." சரி என்று 3 ஆக்கினேன். வாங்கவில்லை. விலையை 1 ஆக்கினேன். ஒருவர் வாங்கினார், போடவில்லை.

அடுத்த ஆட்டத்தில் நான் ஆடாமல் ஓரமாக உட்கார்ந்து கைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். தோழி ஒருவர் பலிபீடத்தைக் கையில் வைத்திருந்தார். கூடவே இரண்டு கிராமத்து வீரர்கள். பலிபீடத்தை மேசை வரைக்கும் கொண்டுபோனார். கை நின்றது. திரும்ப எடுத்து விசிறி மாதிரி விரித்த கார்டுகளுக்கு நடுவில் செருகிக்கொண்டார். "ஏன்?" என்றேன். "இவனைப் போய் எப்படி?" என்று ஒரு கார்டைத் திருப்பிக் காட்டினார்.

இதைச் சொல்ல வேண்டும்: ஒரே முகத்தை ஆறு தடவை வரைய அலுப்பாக இருந்ததால் ஆறு வீரருக்கும் ஆறு முகம் வரைந்திருந்தேன். ஒருவனுக்கு முன்பல் இல்லை. ஒருவன் தலைக்கவசம் அளவு பெரிதாகிக் கண்ணை மறைத்தபடி நிற்பான். அவர் காட்டியது அந்தத் தலைக்கவசக்காரனைத்தான்.

அன்றைக்கே வீட்டுக்கு வந்து வீரர்களை எல்லாம் 'துருப்பிடித்த வாள்' ஆக்கினேன், பலிபீடத்தை 'கொல்லன் உலை' ஆக்கினேன். விதியில் ஒரு எழுத்து மாற்றவில்லை. அடுத்த சோதனையில் நான்கு பேரில் மூன்று பேர் முதல் முறையிலேயே உலையை வாங்கினார்கள். வாளை எறிவதில் அவ்வளவு ஆனந்தம்.

வலு போதாது என்று எழுதிய மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. வாங்க மனசு வரவில்லை, அதற்கு ஏதாவது காரணம் வேண்டும், கையில் கிடைத்த காரணம் எண்.

ஜனவரி 15

"நீக்குவது அவ்வளவு முக்கியமா, எனக்கு அது எப்போதும் வீண் வேலையாகத்தான் தெரிகிறது" என்று ஒருவர் கேட்டார். சுருக்கமாக. 10 தொடக்கக் கார்டோடு 5 நல்ல கார்டு வாங்கிவிட்டீர்கள், டெக்கில் 15. ஐந்து கார்டு எடுத்தால் சராசரியாக ஒன்றரைக்குக் கொஞ்சம் மேலே நல்ல கார்டு வரும். பழையதில் 5-ஐ நீக்கிவிட்டால் டெக்கில் 10, ஒவ்வொரு கையிலும் சராசரி இரண்டரை. ஒன்றும் வாங்காமலேயே ஆட்டம் பலப்பட்டுவிட்டது. ஸ்லே தி ஸ்பயர் கடையில் ஒரு கார்டை நீக்க 75 தங்கம் கேட்கிறது, அடுத்த தடவை 25 கூட்டிக் கேட்கிறது. சும்மாவா கேட்பார்கள்?

ஆனால் இழப்பதற்குக் காசு கொடுப்பது என்பது மனித மனசுக்கு ஒட்டாத வேலை. புதிதாக ஆடுகிறவர் சாப்பலை முதல் ஐந்து ஆட்டத்தில் திரும்பியே பார்க்க மாட்டார். நானும் பார்க்கவில்லை.

ஜனவரி 16

நேற்று முன்தினம் எழுதியதை மறுபடி படித்தேன். என் சோதனை சுத்தமில்லை. பலிபீடத்தை 3 கார்டு, விலை 1 என்று மாற்றி வைத்திருந்தேன் அல்லவா, உலையாக்கியபோது அதைப் பழையபடி இறக்க மறந்துவிட்டேன். அதே வலுவில் பலிபீடம் விலை போகவில்லை என்பது உண்மைதான். ஆனால் படமும் மாறிவிட்டது. ஆறு வாளும் ஒரே வாள், நகல் எடுத்து ஒட்டியது. ஆக மாறியது பெயர் மட்டும் அல்ல, முகங்களும் போயின. எது வேலை செய்தது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்ற வேண்டும் என்று மற்றவர்களுக்கு நான் சொல்லாத நாளில்லை.

ஜனவரி 21

ஆடுகிறவர்கள் சொல்வதை எந்த அளவுக்கு நம்பலாம் என்று பேச்சு திரும்பியிருக்கிறது. மேஜிக் தி கேதரிங் என்ற கார்டு விளையாட்டின் தலைமை வடிவமைப்பாளர் மார்க் ரோஸ்வாட்டர் 2016-ல் ஜிடிசி (விளையாட்டு உருவாக்குபவர்களின் மாநாடு) மேடையில் இருபது பாடங்கள் என்று ஒரு உரை கொடுத்தார். அதில் ஒரு பாடம் இதுதான்: ஆடுகிறவர்கள் குறையைக் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரர்கள், தீர்வு சொல்வதில் அப்படியில்லை. என் பலிபீடத்துக்கு இது அச்சாகப் பொருந்துகிறது. வலிக்கிற இடம் சரி, சொன்ன மருந்து தப்பு.

டொமினியனிலேயே நல்ல உதாரணம் உண்டு. முதல் பதிப்பில் 'தீஃப்' என்று ஒரு கார்டு. மற்றவர்களின் டெக்கில் மேலே இருக்கும் இரண்டு கார்டைத் திறக்க வைத்து, பணக் கார்டு இருந்தால் ஒன்றைப் பறித்துக்கொள்ளலாம். திருடன் என்றால் திருட வேண்டும், கதை கச்சிதம். புதியவர்களுக்கு இந்தக் கார்டைக் கண்டால் அப்படி ஒரு பயம், என் பணத்தை எல்லாம் எடுத்துவிடுவான் என்று. உண்மையில் பெரும்பாலும் அவன் திருடுவது காப்பர், ஆகக் குறைந்த மதிப்புள்ள பணக் கார்டு. ஆளுக்கு ஏழு காப்பரோடு தொடங்குகிறோம், அவற்றை எப்படி ஒழிப்பது என்றே தெரியாமல் முழித்துக்கொண்டிருக்கிறோம். திருடன் வந்து குப்பையைக் கூட்டிப் பெருக்கிவிட்டுப் போகிறான். 2016-ல் வந்த இரண்டாம் பதிப்பில் தீஃப் நீக்கப்பட்டது. அதன் இடத்துக்கு வந்தது 'பாண்டிட்', கொள்ளைக்காரன்: அவன் காப்பரைத் தொட மாட்டான், அதற்கு மேலானதைத்தான் அழிப்பான், கூடவே போட்டவருக்கு ஒரு கோல்டு.

இதில் எனக்குப் பிடித்தது, புகார் சொன்ன புதியவர்களும் தப்பு, அலட்சியமாகச் சிரித்த பழையவர்களும் முழுக்கச் சரியில்லை. கார்டு பலவீனமானது, ஆனால் ஆடுகிறவர்களை எரிச்சலூட்டியது. இரண்டும் ஒரே சமயத்தில் உண்மை. எண்ணை மட்டும் பார்த்தால் முதலாவது தெரியும், முகத்தை மட்டும் பார்த்தால் இரண்டாவது தெரியும்.

ஸ்லே தி ஸ்பயர் ஆட்கள் வேறு வழியில் போனார்கள். 2017 நவம்பரில் இருந்து 2019 ஜனவரி வரை முன்னணுகல் காலத்தில், அதாவது முழுதாக முடியும் முன்பே விற்பனையில் இருந்த காலத்தில், எந்தக் கார்டை எவ்வளவு பேர் எடுக்கிறார்கள், எடுத்தவர்கள் எவ்வளவு ஜெயிக்கிறார்கள் என்று ஆட்டத் தரவுகளைத் திரட்டி, அதைப் பார்த்துப் பார்த்துத் திருத்தினார்கள். அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஆந்தனி ஜியோவனெட்டி இதைப் பற்றித் தனி உரையே கொடுத்திருக்கிறார். என்னிடம் இருப்பது எட்டு சோதனை ஆட்டமும் ஒரு நோட்டுப் புத்தகமும். தரவு என்று சொன்னால் சிரிப்பார்கள். அதனால் நான் தோழியின் கை எங்கே நின்றது என்று பார்க்கிறேன்.

கருத்துத் தாளையும் மாற்றிவிட்டேன். "பிடித்ததா?" என்ற கேள்வியை அடித்தேன். எல்லாரும் பிடித்தது என்றுதான் எழுதுவார்கள், என் நண்பர்கள்தானே. இப்போது முதல் கேள்வி: "வாங்கலாமா என்று யோசித்து விட்டுவிட்ட கார்டு எது?" அப்புறம் இன்னொன்று: "இன்றைக்கு நடந்ததை இந்த விளையாட்டு தெரியாத ஒருவரிடம் இரண்டு வரியில் சொல்லுங்கள்."

ஜனவரி 22

இடையில் ஒரு புலம்பல். 'ஏழு மலைகளின் கீழ் உறங்கும் முதுபெரும் நெருப்பு நாகம்' என்று ஒரு கார்டு இருந்தது. பெயருக்கே மூன்று வரி போனது, விதிக்கு இடமில்லை. ஆடும்போது எல்லாரும் அதைப் "பாம்பு" என்றார்கள். இப்போது கார்டிலும் பாம்பு என்றே இருக்கிறது.

பிப்ரவரி 2

இரண்டாவது கேள்விக்கு வந்த பதில்களைப் படித்தேன். உலையும் துருப்பிடித்த வாளும் வந்த பிறகு நடந்த இரண்டு ஆட்டங்களின் தாள்கள். "நல்ல வேகமான ஆட்டம், நான் இரண்டாவது வந்தேன்." "டெக்கைச் சின்னதாக்கினேன், ஜெயித்தேன்." எட்டுத் தாளிலும் இப்படித்தான்.

பலிபீடம் இருந்த காலத்தில் இந்தக் கேள்வி தாளில் கிடையாது. ஆனால் எனக்கு நினைவிருக்கிறது, ஆட்டம் முடிந்து அரை மணி நேரம் தலைக்கவசக்காரனைப் பற்றிச் சண்டை. அவனைக் கடைசி வரை டெக்கில் வைத்துக்கொண்டு தோற்ற தோழியை மற்றவர்கள் கிண்டல் செய்ய, அவர் "நீங்களெல்லாம் மனுஷங்களா" என்று கேட்க. நான் எதைக் குறை என்று நினைத்துச் சரிசெய்தேனோ, அதுதான் அந்த விளையாட்டில் இருந்த ஒரே விசேஷம்.

2021-ல் வந்த இன்ஸ்கிரிப்ஷன் என்ற கணினிக் கார்டு விளையாட்டை நினைத்துக்கொண்டேன். அதன் முதல் பகுதியில் பலி கொடுப்பதுதான் ஆட்டமே. ஓநாயை இறக்க இரண்டு உயிரைக் காவு கொடுக்க வேண்டும். அதற்கென்று அணில்கள் இருக்கின்றன, தனிக் குவியலில், வேண்டிய மட்டும். அணிலுக்கு மனசு கஷ்டப்படாது. ஆனால் டெக்கில் ஒரு ஸ்டோட் (கீரி மாதிரி ஒரு சின்ன விலங்கு) இருக்கும், அது பேசும். உங்களோடு. அதைப் பலி கொடுக்கும்போதும் பேசும். எது சும்மா எறிய வேண்டியது, எதை எறிய யோசிக்க வேண்டும் என்று தரம் பிரித்து வைத்திருக்கிறார்கள். நான் ஆறு பேருக்கும் முகம் வரைந்து, ஆறு பேரையும் எறியச் சொன்னேன்.

டிராகன் இருக்கும் இடத்தில் திருடப் போகும் 'கிளாங்க்!' என்ற மேசை விளையாட்டு இதை இன்னும் எளிதாகச் செய்கிறது. தொடக்க 10 கார்டில் இரண்டு 'ஸ்டம்பிள்', தடுமாற்றம். போட்டால் சத்தம் ஒன்று கூடும், உங்கள் நிறக் கட்டை ஒன்று போய்ச் சேரும். டிராகன் தாக்கும்போது அந்தக் கட்டைகள் பைக்குள் போகும், பையிலிருந்து யார் நிறம் வருகிறதோ அவருக்கு அடி. திருடப் போன இடத்தில் கால் தடுக்கிவிட்டது, கேட்டிருக்குமா கேட்டிருக்காதா. பைக்குள் கை நுழையும்போது மேசையே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். ஸ்டம்பிளை ஒழிக்க யாரும் தயங்குவதில்லை.

பிப்ரவரி 3

கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். அவர் சொல்வது: முதல் இருபது மணி நேரத்துக்கு நான் சொல்வதெல்லாம் சரி, அதற்குப் பிறகு பெயரும் படமும் கண்ணுக்குத் தெரிவதே இல்லை, விலையும் விளைவும் மட்டும்தான் தெரியும்.

இதற்கு எதிர்வாதம் இல்லை. எனக்கும் அப்படித்தான். இருந்தாலும் ஒன்று கேட்கிறேன். ஸ்லே தி ஸ்பயரில் கல்டிஸ்ட் என்ற எதிரியின் முகமூடி ஒன்று ரெலிக்காகக் கிடைக்கும். போட்டுக்கொண்டால் சண்டை தொடங்கும்போது நம் ஆளும் கல்டிஸ்ட் மாதிரி "கா! கா!" என்று கத்துவான். ஒரு அடிகூட அதிகமாகாது, ஒரு உயிர்கூட ஏறாது, எண்ணே இல்லாத ரெலிக். 400 மணி நேரத்தில் அது கிடைத்தபோது என்ன செய்தீர்கள்?

பிப்ரவரி 4

"நானும் கத்தினேன்" என்று பதில் வந்திருக்கிறது. நேர்மையான மனிதர்.

கூடவே இன்னொன்றும் எழுதியிருக்கிறார்: "பலிபீடம்தானே பிரச்சினை, வீரர்களைக் கொல்லாமல் வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டியதுதானே?" கதையே வேண்டாம் என்றவர் சொல்கிறார். இரண்டு வருடத்தில் எனக்குத் தோன்றவில்லை. ஆடுகிறவர்களுக்குத் தீர்வு சொல்ல வராது என்று ஜனவரி 21-ல் மேற்கோள் காட்டிப் பெரிதாக எழுதியவன் நான்தான். அதை அழிக்காமல் விடுகிறேன்.

பிப்ரவரி 11

வீரர்கள் திரும்பிவிட்டார்கள், ஆறு முகத்தோடும். பலிபீடம் இப்போது 'ஊர் திரும்பு'. 3 கார்டு, விலை 1. இந்தத் தடவை வேறு எதையும் மாற்றவில்லை, சத்தியமாக.

நான்கு பேரும் வாங்கினார்கள். தோழி தலைக்கவசக்காரனைத்தான் முதலில் அனுப்பினார், "போடா, அம்மா தேடுவாங்க" என்று சொல்லி. இன்னொருவர் எல்லாரையும் அனுப்பிவிட்டு முன்பல் இல்லாதவனை மட்டும் வைத்துக்கொண்டார், காரணம் கேட்டால் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்தவருக்கு இது அலுத்தது. "நஷ்டமே இல்லாமல் நீக்குகிறோம், இதில் யோசிக்க என்ன இருக்கிறது" என்று எழுதியிருக்கிறார். அவர் சொல்வதும் நியாயம், பலிபீடத்தில் இருந்த கனம் இதில் இல்லை. கடைசிச் சண்டைக்கு ஆள் போதாமல் தவிக்க வைத்தால் அது திரும்ப வருமா என்று பார்க்க வேண்டும்.

உடனே பார்க்க வேண்டியது வேறு. எல்லாரும் சரமாரியாக நீக்கியதில் டெக்குகள் சுருங்கி, 50 நிமிட ஆட்டம் 25 நிமிடத்தில் முடிந்துவிட்டது. பாம்பு வெளியே வரவே இல்லை. ராத்திரி கணக்குப் போட்டேன். 3-ஐ 2 ஆக்க வேண்டும், விலையை 1-லிருந்து 2-க்கு ஏற்ற வேண்டும். முதல் நாள் எழுதிய அதே எண்கள். புதிதாக அச்செடுக்கவில்லை, பழைய பலிபீடக் கார்டை உறையிலிருந்து உருவி, பெயர் மேல் மட்டும் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டினேன்.